பரிமாற்றம் என்று பெயர் வைத்துவிட்டு: தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சமூகப் பணியாளர்களுக்கான சர்வதேசப் பரிமாற்றத் திட்டத்தின் கொழும்புத் தேர்வுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இந்த ஆண்டுக்கான அறிவித்தல் முதலில் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு வாரத்தில் சிங்களத்தில் வந்தது. தமிழ்ப் பிரதி கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தேன். "தேவைப்பட்டால் செய்து தருவோம் மிஸ்" என்றார் தொலைபேசியை எடுத்த பையன். "தேவைப்படுவதால்தான் தம்பி கேட்கிறேன்" என்றேன். விண்ணப்ப முடிவுத் திகதி கடந்து பத்து நாளாகிறது. அந்தப் பிரதி இன்னும் வரவில்லை.

அது ஒன்றுதான் குறை என்றால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். அதற்கெல்லாம் நாங்கள் பழகிவிட்டோம். (பழகியது எங்கள் பிழை.) என்னை எழுத உட்கார வைத்தவை, அந்த அறிவித்தலுக்குள் புதிதாக நுழைந்திருக்கும் மூன்று வரிகள். விண்ணப்பிப்பவர் நிரந்தர நியமனம் பெற்றவராக இருக்கவேண்டும் என்பது ஒரு வரி. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் குறைந்தது 6.5 புள்ளி எடுத்திருக்கவேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, கடைசிப் பக்கத்தின் அடியில், பலருடைய கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது: இங்கு வரும் வெளிநாட்டுச் சமூகப் பணியாளர்கள் இனிமேல் குடும்பங்களோடு தங்கமாட்டார்கள், ஹோட்டலில் தங்கிச் செயலமர்வுகளில் கலந்துகொண்டு, ஒரே ஒரு நாள் "கள விஜயம்" போவார்கள்.

இதைக் கேட்க நான் யார் என்று நீங்கள் நினைக்கலாம். என் பெயர் உங்கள் 2018ஆம் ஆண்டுக் கோப்பில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கொழும்பு வடக்கில் 17 வருடமாகக் களப்பணி செய்கிறேன். 2018 செப்டம்பரில் இந்தத் திட்டத்தில் பின்லாந்துக்குப் போய் ஒரு மாதம் இருந்தேன். 2020 ஜனவரியில் அங்கிருந்து வந்த ஒரு பணியாளரை என் வீட்டில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். ஒருவர் ஒரு தடவைதான் போகலாம் என்பது விதி. ஆகவே இதில் எனக்கென்று கேட்க எதுவும் மிச்சமில்லை.

நிரந்தர நியமனம் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் தொடர்மாடிகளிலும் படியேறி இறங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர்கள். ஒரு திட்டம் முடிந்தால் நியமனக் கடிதமும் முடிந்துவிடும். அடுத்த நிதி வரும்வரை சம்பளம் இல்லாமலே வீடுகளுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள், தொடங்கிய வேலையைப் பாதியில் விட மனம் வராமல். பிரதேச செயலகங்களில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களையோ நன்னடத்தை உத்தியோகத்தர்களையோ நான் குறைவாகப் பேசவில்லை. அவர்களில் சிலர் வீட்டுக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு வெளிநாட்டுப் பயிற்சிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கடமை லீவும் உண்டு. களத்தில் நிற்கிறவளுக்கு இருந்தது இந்த ஒரு கதவுதான்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். 14 வருட அனுபவம். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில், பதினொரு தாய்மாரைச் சேர்த்து ஒரு சமூகச் சமையலறையை நடத்தியவள். காலையில் ஒரு தாயோடு தமிழில் கதைப்பாள். பத்து மணிக்குப் பொலிஸில் அதையே சிங்களத்தில் சொல்வாள். இரவில் நன்கொடை தருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவாள், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. போன வருடம் அவளை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தீர்கள். ஒரு கோட்பாட்டுச் சொல்லுக்கு வரைவிலக்கணம் கேட்டீர்கள். அவள் ஆங்கிலத்தில் தொடங்கி, தான் செய்த ஒரு வேலையை உதாரணமாகச் சொல்ல வந்தபோது சிங்களத்துக்கு மாறினாள். உங்களில் ஒருவர் கையை உயர்த்தி, "இங்கிலிஷ் ப்ளீஸ்" என்றார். பஸ்ஸில் மருதானை வரும்வரை அழவில்லை என்று என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் வாயால் சொன்னதை இந்த வருடம் எழுத்தில் போட்டுவிட்டீர்கள். அந்தப் பரீட்சைக்கான கட்டணம் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். பெறுபேறு செல்லுபடியாவதும் இரண்டு வருடத்துக்குத்தான். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் மறுபடியும் கட்டவேண்டும். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள் அந்தப் பணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று குழுவில் ஒருவராவது கேட்டீர்களா?

ஆங்கிலம் தெரியாமல் அங்கே போய் என்ன செய்வார்கள் என்பீர்கள். நியாயமான கேள்விதான். நானும் அந்தப் பயத்தோடுதான் விமானம் ஏறினேன். போய்ப் பார்த்தால், பின்லாந்தில் சமூகப் பணியாளரைத் தேடி வருகிற மக்கள் கதைப்பது பின்னிஷ். எங்கள் குழுவில் துருக்கி, கிரேக்கம், கிர்கிஸ்தான், இந்தியா என்று ஒன்பது பேர். ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் தாய்மொழி இல்லை, எங்களை அழைத்துப்போன பின்லாந்துக்காரர்களுக்கும் இல்லை. எல்லோரும் சொல்லைத் தேடி நின்று, கையால் காட்டி, சிரித்து, மறுபடி தொடங்கித்தான் கதைத்தோம். கிர்கிஸ்தானிலிருந்து வந்த அக்காவுக்கு ஆங்கிலம் என்னிலும் குறைவு. ஒரு நாள் தான் பார்த்த குடும்பம் ஒன்றை விளக்கவேண்டி வந்தபோது, எழுந்துபோய்ப் பலகையில் வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், விவாகரத்தானவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு, தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் வெட்டி வெட்டிப் போகிற ஒரு மின்னல் கோடு. ஒரு வசனம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த வீடு தெரிந்தது. அன்றைக்கு நடந்த விவாதம்தான் அந்த மாதத்திலேயே நீளமானது.

2018இல் என்னைத் தெரிவுசெய்த நேர்முகப் பரீட்சையையும் நினைவூட்டுகிறேன். குழுவில் வயதான ஓர் அம்மா இருந்தார். என் ஆங்கிலம் தடுமாறியதும் தமிழுக்கு மாறினார். "உங்கட ஏரியாவில ஒரு பிள்ளை ஒரு கிழமையா பள்ளிக்கூடம் வரேல்லை. முதல்ல எந்தக் கதவைத் தட்டுவீங்க?" என்று கேட்டார். சந்தியில் உள்ள பலசரக்குக் கடைக்குப் போவேன் என்றேன். ஏன் என்றார். கடன் கொப்பி அங்கேதான் இருக்கிறது, அந்த வீட்டில் எப்போதிலிருந்து அரிசி கடனுக்கு வாங்குகிறார்கள் என்று அதைப் பார்த்தால் தெரியும் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. இப்போது உங்கள் குழுவில் அப்படிக் கேட்க ஒருவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவேண்டும்.

பின்லாந்தில் நான் கண்டதில் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஹெல்சிங்கியில் இறங்கிய முதல் நாளே தெருப் பலகைகளைப் பார்த்து நின்றுவிட்டேன். மேலே பின்னிஷ், கீழே சுவீடிஷ். அந்த நாட்டில் சுவீடிஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஆனால் ஓர் உள்ளூராட்சிப் பகுதியில் சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் 8 வீதமோ, 3,000 பேரோ இருந்தால் அந்தப் பகுதி இருமொழிப் பகுதியாகிவிடும் என்று அவர்களுடைய மொழிச் சட்டம் சொல்கிறது. ஒரு தாய் தன் பிள்ளையின் விடயத்தைத் தன் மொழியில் சொல்ல உரிமை உள்ளவள். அதிகாரி அதற்கு ஆளைத் தேடவேண்டும். எங்களை அழைத்துப்போனவர் இதை ஏதோ சாதாரண விடயம் போலச் சொல்லிக்கொண்டு நடந்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்: நம் நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

அதே வாரத்தில் ஒரு சிறுவர் நலன் அலுவலகத்தில், அந்தத் தாயின் சம்மதத்தோடு, ஓர் உரையாடலில் உட்கார விட்டார்கள். தாய் சோமாலியாவிலிருந்து வந்தவர். மேசையில் ஒரு தொலைபேசி, அதில் மொழிபெயர்ப்பாளரின் குரல். அந்தச் சமூகப் பணியாளர் ஒரு தடவைகூடத் தொலைபேசியைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பு வரும்வரை தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒரு தாயோடு நின்றிருந்தேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை விட்டுவிடுகிறேன்.) நான் போய்ச் சேருவதற்குள் முறைப்பாடு எழுதி முடிந்திருந்தது, சிங்களத்தில். "என்னா எழுதினாங்கன்னு தெரியல மிஸ். கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சேன்" என்றார். அதில் அவர் சொன்னதற்கு நேர்மாறாக ஒரு வரி இருந்தது. அதைத் திருத்த எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நாட்டின் எந்தப் பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் கொடுக்கிறது. தாளில் நாங்கள் பின்லாந்துக்குக் குறைந்தவர்கள் இல்லை. குறை எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம். அந்த மேசைக்கு இந்தப் பக்கத்தில் தாயோடு நிற்கிற ஆளைத்தான், வேறொரு நாடு இதை எப்படிச் செய்கிறது என்று பார்க்க நீங்கள் அனுப்பவேண்டும். பார்த்துவிட்டு வந்தவளுக்கு அடுத்த தடவை பொலிஸ் நிலையத்தில் குரல் வேறு மாதிரி வரும். எனக்கு வந்தது.

இரண்டாவது விடயம், மேற்பார்வை. இந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் வரவுப் பதிவேடும் வாகன ஓட்டப் புத்தகமும்தான் ஞாபகம் வரும். அங்கே அது வேறு. பின்னிஷ் மொழியில் அதன் பெயருக்கு "வேலைக்கு வழிகாட்டல்" என்று பொருள். வெளியிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் வருவார். பணியாளர்கள் வட்டமாக உட்கார்ந்து, எந்த வீடு தங்களைத் தூங்க விடவில்லை, எங்கே பிழை விட்டோம், எங்கே பயந்தோம் என்று கதைப்பார்கள். அறிக்கை கிடையாது. மேலதிகாரி அறைக்குள் இல்லை. நான் இருந்த அலுவலகத்தில் ஒருத்தி தனக்கு நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், தாங்க முடியவில்லை என்று அழுதாள். அந்த வருடம் என் பெயரில் 112 கோப்புகள். வாயை மூடிக்கொண்டிருந்தேன். (பிறகு அங்கே சட்டமே வந்துவிட்டது: சிறுவர் பாதுகாப்பில் ஒரு பணியாளருக்கு 2022இலிருந்து 35 பிள்ளைகள், 2024இலிருந்து 30, அதற்கு மேல் கொடுக்கக்கூடாது. அவள் அழுதது வீண்போகவில்லை.)

திரும்பி வந்ததும் ஒரு தேவாலய மண்டபத்தின் பின் விறாந்தையில் ஏழு பேராக ஒரு வட்டம் தொடங்கினோம். செவ்வாய்க்கிழமை பின்னேரம், பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும். முதல் மாதம் யாரும் வாயே திறக்கவில்லை, சிரித்துச் சமாளித்தோம். பிறகு மெதுவாக வந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்றான கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒழுங்கையில் மூன்று வீட்டில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. தினமும் அந்த வீடுகளுக்குப் போனோம். பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தாய் கேட்பாள், எங்களுக்கும் தெரியாது. அந்த நாட்களில் எங்களை நிமிர்த்தி வைத்தது செவ்வாய்க்கிழமை வட்டம்தான். பெரிய நிறுவனங்களிலிருந்து நிபுணர்கள் வந்து பவர்பாயிண்ட் காட்டிவிட்டுப் போனார்கள், அவர்களுக்கும் நன்றி. ஆனால் இரவில் கை நடுங்கியபோது நாங்கள் பேசியது ஒருவரோடு ஒருவர்தான், அப்படிப் பேச எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஏழு பேரில் ஒருத்தி கனடா போய்விட்டாள். மற்ற ஆறு பேரும் இன்றைக்கும் களத்தில் இருக்கிறோம். ஆட்கள் எவ்வளவு வேகமாக இந்த வேலையை விட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

உங்கள் திட்டம் கொடுத்த பயன் அது. ஆனால் உங்களுக்கு அது தெரியாது. ஏனென்றால் 2018 நவம்பரில் நான் தந்த 22 பக்க அறிக்கை தமிழில் இருந்தது. இரண்டு வாரத்தில் அது ஒற்றை வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது: ஆங்கிலத்தில் சமர்ப்பிக்கவும். அக்காவின் மகளை உட்கார வைத்து மூன்று பக்கமாகச் சுருக்கி அனுப்பினேன். அந்தச் சுருக்கத்தில் சோமாலியத் தாய் இல்லை, தெருப் பலகை இல்லை, வட்டம் இல்லை. "கற்றல் பெறுபேறுகள்" மட்டும் இருந்தன. உங்கள் அலுமாரியில் இருப்பது அந்த மூன்று பக்கம். 22 பக்கமும் என்னிடம் இருக்கிறது, பின் அடித்தபடியே.

இனி மூன்றாவது வரி.

2020 தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பின்லாந்துக்காரி ஒருத்தி இருந்தாள். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. பின்னேரம் தண்ணீர் வேகம் குறைந்துவிடும்; வாளியில் பிடித்து வைத்துக் குளிக்கப் பழகினாள். அம்மாவுக்கு அப்போது 74 வயது, ஆங்கிலத்தில் "கம்", "ஈட்" இரண்டும்தான் தெரியும். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே மணிக்கணக்கில் கதைப்பார்கள். எந்த மொழியில் என்று நான் கேட்டதில்லை. அம்மாவிடமும் ஐஈஎல்டிஎஸ் சான்றிதழ் இல்லை.

அந்த இரண்டு வாரத்தில் அவள் கற்றதை நீங்கள் எந்தச் செயலமர்விலும் வைக்க முடியாது. எங்கள் பகுதி மருத்துவமாதுவோடு அவளை வீடு வீடாக அனுப்பினேன். கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கே வந்து, பதிவேட்டைத் திறந்து, திரிபோஷா சத்துமா பைக்கற்றை யார் சாப்பிடுகிறார்கள், தாயா புருஷனா என்று அதட்டிக் கேட்கிற அந்த அம்மாவைப் பார்த்து வாயடைத்துப் போனாள். அவர்களிடம் தாய் சேய் நிலையங்கள் உண்டு, ஒவ்வொரு தாய்க்கும் குழந்தைச் சாமான்கள் நிறைந்த பெட்டி ஒன்று அரசாங்கம் கொடுக்கிறது. 1938இல் வறிய தாய்மாருக்கென்று தொடங்கி, 1949இலிருந்து எல்லோருக்கும். ஆனால் தாய்தான் நிலையத்துக்கு வரவேண்டும், இங்கே நிலையம் தாயிடம் வருகிறது என்றாள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வேலை இது என்று சொன்னேன். அதை இரண்டு தடவை கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

அவள் இருந்தபோது ஒழுங்கை முனையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அரை மணி நேரத்தில் மரணாதாரச் சங்கத்து ஆட்கள் கூடாரமும் கதிரையும் கோப்பைகளும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், கட்டாதவர் வீட்டில் செத்தால் என்ன செய்வீர்கள், வேறு சமயத்தவர்களையும் சேர்ப்பீர்களா என்று சங்கப் பொருளாளரை அவள் கேட்ட கேள்விகளுக்கு மொழிபெயர்த்தே எனக்குக் களைத்துவிட்டது. "கட்டாட்டியும் குடுப்போம். பிறகு திட்டுவோம்" என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டாள். தனியாக இருக்கும் வயதானவர்கள் பற்றி ஹெல்சிங்கியில் தன் சக ஊழியர்களோடு கதைக்கும்போது எங்கள் ஒழுங்கைச் சங்கத்தைத்தான் உதாரணம் காட்டுவதாகப் பிறகு எழுதினாள். நாங்கள் கொடுத்தது அது. கொடுக்கவும் எங்களிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வருடம் நீங்கள் பரீட்சார்த்தமாக நடத்திய புதிய முறையையும் பார்த்தேன். கடலைப் பார்த்த ஹோட்டலில் நான்கு நாள். ஐந்தாம் நாள் குளிரூட்டிய பஸ்ஸில் ஒரு தொடர்மாடிக்குக் கூட்டிவந்தீர்கள். கால்வாய் ஓரங்களிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து குடியேற்றிய குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காலை எட்டு மணியிலிருந்து பிள்ளைகள் வெற்றிலையோடு வரிசையில் நின்றார்கள். விருந்தினர் பதினொன்றரைக்கு வந்து, ஐம்பது நிமிடம் இருந்து, வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "மிஸ், இவங்க எதுக்கு எங்க குசினிய படம் எடுக்கிறாங்க?" சமூகப் பணி படித்தவர்கள் நீங்கள். ஆளின் மானம், அந்தரங்கம் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுத்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும்?

இப்படியான பரிமாற்றங்கள் எங்கிருந்து தொடங்கின என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1956இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹென்றி ஓலெண்டோர்ஃப் என்பவர் அதைத் தொடங்கினார். ஜேர்மனியில் பிறந்த சட்டத்தரணி, நாசி ஆட்சியிலிருந்து தப்பி வந்து சமூகப் பணியாளரானவர். தன்னைத் துரத்திய நாட்டிலிருந்தே இளம் பணியாளர்களை அழைத்து, கிளீவ்லாந்துக் குடும்பங்களின் வீடுகளில் தங்க வைத்தார். பகலில் நிறுவனங்களில் வேலை, இரவில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை. வீட்டில் தங்குவது அந்த முறையின் உயிர். நீங்கள் நடத்துவது வேறு திட்டம்தான். ஆனால் வம்சம் அதுதான். அதே 1956இல் இந்த நாட்டில் "சிங்களம் மட்டும்" சட்டம் வந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரே வருடத்தில் ஓரிடத்தில் ஒருவர் கதவைத் திறந்தார், இன்னோரிடத்தில் மூடினார்கள். நீங்கள் எந்தப் பக்கத்துக் கதவைப் பின்பற்றுகிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்றால் மன்னியுங்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

நிரந்தர நியமன விதிக்கு உண்மையான காரணம் வேறு என்று காதில் விழுகிறது. சில வருடம் முன்பு போன ஒருவர் திரும்பி வரவில்லையாம். ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள் ஓடிப்போவார்கள், நிரந்தரமானவர்கள் வருவார்கள் என்று கணக்கு. திரும்பி வராதவரை நான் நியாயப்படுத்தவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்களின் வாய்ப்பைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அவர் நிரந்தர நியமனத்தில் இருந்தவரா, ஒப்பந்தத்தில் இருந்தவரா? எங்களுக்குத் தெரிந்தவரை நிரந்தரத்தில் இருந்தவர். அப்படியானால் இந்த விதி யாருக்குப் பூட்டுப் போடுகிறது? நான் ஒப்பந்தத்தில் போய், சொன்ன திகதியில், சொன்ன விமானத்தில் வந்தேன். திங்கட்கிழமை காலை மட்டக்குளியில் நின்றேன். என்னோடு போன மற்றவரும் அப்படித்தான். பயம் இருந்தால் பிணை கேளுங்கள், நிறுவனத்திடம் உறுதிக் கடிதம் கேளுங்கள். ஆளின் நியமனக் கடிதத்தைப் பார்த்து அவளுடைய நாணயத்தை அளக்காதீர்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை.

இந்த ஆண்டு விண்ணப்பத் திகதியை ஒரு மாதம் நீட்டி, அறிவித்தலையும் படிவத்தையும் தமிழில் வெளியிடுங்கள். "கேட்டால் தருவோம்" என்று இல்லாமல், மற்ற இரண்டு மொழிகளும் வெளிவருகிற அதே நாளில். நிரந்தர நியமனம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, குறைந்தது ஐந்து வருடக் களப்பணி என்று மாற்றுங்கள். ஒப்பந்தக் காலங்களைக் கூட்டிக் கணக்கிடலாம். ஐஈஎல்டிஎஸ்ஸை நீக்குங்கள். ஆங்கிலத்தில் சமாளிப்பார்களா என்று பார்க்க அரை மணி நேர உரையாடல் போதும், அதைக் குழுவே செய்யலாம். சான்றிதழ் கட்டாயம் என்று வெளிநாட்டுத் தரப்புத்தான் கேட்கிறது என்றால், அந்தக் கடிதத்தை எங்களுக்குக் காட்டுங்கள், கட்டணத்தைத் திட்ட நிதியிலிருந்து கொடுங்கள்.

நேர்முகப் பரீட்சைக் குழுவில் களத்தில் இருந்து வந்த, தமிழில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவராவது இருக்கவேண்டும். விண்ணப்பதாரி தான் செய்த வேலையைத் தனக்கு வசதியான மொழியில் விளக்க விடவேண்டும்.

வருகிறவர்களை மறுபடியும் வீடுகளில் தங்க வையுங்கள். வீடு தர ஆள் இல்லை என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் பதின்மூன்று குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. தொடர்மாடிகளுக்கு பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவதை நிறுத்துங்கள்.

போய் வந்தவர்கள் தந்த அறிக்கைகளை, அவர்கள் எழுதிய மொழியிலேயே, எல்லோரும் வாசிக்கும்படி வெளியிடுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் யார் யார் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் களப்பணியாளர்கள், எத்தனை பேர் தமிழ் பேசுகிறவர்கள், என்ன புள்ளித் திட்டத்தில் தெரிவானார்கள் என்ற விவரமும் வேண்டும். இதை நீங்களாகத் தந்தால் நல்லது. உங்கள் திட்டத்துக்கு அரச நிதியும் வருவதால், இந்த மாத இறுதிக்குள் பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவேன். மொழி விடயத்தில் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான முறைப்பாடு எழுதி முடித்தாயிற்று, அனுப்பவில்லை.

பதிலை எந்த மொழியிலும் அனுப்பலாம். என்னோடு வேலை செய்கிற அவளுக்கு அனுப்புவதை மட்டும் தமிழில் அனுப்புங்கள். அவளுடைய விண்ணப்பம் நிரப்பியபடி என் மேசையில்தான் இருக்கிறது.

2018ஆம் ஆண்டுப் பங்குபற்றுநர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13